"எக்ஸ்பெக்டிங் சாலரி"னு எழுதிடாதீங்க: இங்கிலீஷ் வினைச்சொல் வேற வேலை பாக்குற இடங்களைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால கோலாலம்பூர் பங்சார்ல ஒரு ஆபீஸ்ல இண்டர்வியூ. ரெசுமே கடைசி வரியில பெருமையா "எக்ஸ்பெக்டிங் சாலரி: 3,000 ரிங்கிட்"னு போட்டிருந்தேன். எதிர்ல உக்காந்திருந்த எச்ஆர் அக்கா நம்ம ஆளுதான், பென்சில்ல அந்த முதல் வார்த்தையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பி வச்சு, மெதுவா தமிழ்ல சொன்னாங்க, "தம்பி, சம்பளம் எதையும் எதிர்பாக்காது, நீங்கதான் எதிர்பாக்குறீங்க." சமாளிக்கிறேன்னு நினைச்சு நான் "சாரி கா, ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங் டுடே"னு சொல்லித் தொலைச்சேன். பக்கத்துல இருந்த மேனேஜர் சிரிப்பை அடக்க தண்ணி குடிச்சாரு. வேலை கிடைக்கல.

அதுக்கப்புறம் ஒரு டியூஷன் சென்டருக்கு 380 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்க அப்படிச் சொல்வோம்) கட்டி சேர்ந்தேன். அங்க ரெண்டு பக்கம் வினைச்சொல் லிஸ்ட் குடுத்து "இதெல்லாம் இங் வரும், இதெல்லாம் டு வரும், மனப்பாடம் பண்ணு"ன்னாங்க. மனப்பாடம் பண்ணேன், ரெண்டு வாரத்துல மறந்தேன். உண்மையா வேலைக்கு ஆனது நம்ம தமிழ்ப்பள்ளியில தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம்னு படிச்சோமே, அதுதான். அதைத்தான் இங்க படிப்படியா எழுதுறேன்.

யாருக்கு: தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்ல இடைநிலைப்பள்ளி, எஸ்பிஎம்னு இடைநிலைப்பள்ளி கடைசித் தேர்வு, அதுல இங்கிலீஷ்ல ஏதோ ஒரு கிரேடு, இப்போ கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஆபீஸ் வேலை தேடுறவங்க இல்ல புதுசா சேர்ந்தவங்க. வீட்டுல இங்கிலீஷ் பேசி வளந்தவங்களுக்கு இது தேவைப்படாது.

செலவு: நோட்டு 2 வெள்ளி 50 காசு, மூணு கலர் பேனா 4 வெள்ளி 80 காசு, போட்டோஸ்டாட் கடையில 30 பக்கம் ப்ரிண்ட் பக்கத்துக்கு 20 காசு வச்சு 6 வெள்ளி. மொத்தம் 13 வெள்ளி 30 காசு. நேரம்: ஒரு நாளைக்கு அரை மணி நேரம், 6 வாரம். நான் பாதியை எல்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே பண்ணேன்.

1. உங்க சொந்தக் காகிதத்தை எடுங்க

பயிற்சிப் புத்தகம் வாங்கப் போகாதீங்க. அதுல வர்ற வாக்கியம் எல்லாம் யாரோ ஒரு ஜான் ஏரிக்கரையில மீன் பிடிக்கிறதைப் பத்தி இருக்கும், உங்களுக்கு ஒட்டாது. வேண்டியது இவ்வளவுதான்: உங்க ரெசுமே, கடைசியா எழுதுன வேலை விண்ணப்பக் கடிதம், நீங்க அனுப்புன ஈமெயில் ஒரு இருவது, முதலாளிக்கு லீவு கேட்டு இங்கிலீஷ்ல போட்ட வாட்ஸ்அப் ஏதாச்சும் இருந்தா அதையும். ப்ரிண்ட் எடுங்க, வரிக்கு வரி இடம் விட்டு. ஆபீஸ் ஈமெயிலா இருந்தா கஸ்டமர் பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், இன்வாய்ஸ் நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டு எடுங்க, போட்டோஸ்டாட் கடை கம்ப்யூட்டர்ல ஃபைலை அப்படியே விட்டுட்டு வராதீங்க, நான் ஒரு தடவை விட்டுட்டு வந்து பிரிக்பீல்ட்ஸ்க்குத் திரும்ப ஓடினேன்.

ஏன் சொந்தக் காகிதம்னா, ஒரு ஆளு செய்யுற தப்பு நாலஞ்சு வகைதான், அதையே திரும்பத் திரும்ப செய்வோம். என் இருவது ஈமெயில்ல பதினோரு ஈமெயில் ஒரே தப்போட முடிஞ்சிருந்துச்சு. எதுன்னு 6-வது படியில சொல்றேன்.

2. ஒவ்வொரு வாக்கியத்துலயும் முற்றைக் கண்டுபிடிங்க

முதல் கலர் பேனா இதுக்கு. வாக்கியத்துல வினை மாதிரி தெரியுறது ரெண்டு மூணு இருந்தாலும், உண்மையா வினை வேலை பாக்குறது எதுன்னு தெரிஞ்சாதான் மத்தது வேற வேலை பாக்குதுன்னு புரியும். தமிழ்ல முற்று, எச்சம்னு பிரிப்போம்ல, அதேதான்.

சோதனை சுலபம். வாக்கியத்தோட காலத்தை மாத்திப் பாருங்க. எந்தச் சொல்லு மாறுதோ அதுதான் முற்று, மாறாம நிக்கிறது எல்லாம் வேஷம். "ஷி வான்ட்ஸ் டு லேர்ன் ட்ரைவிங்"னு ஒரு வாக்கியம். நேத்துக்கு மாத்துங்க: "ஷி வான்டட் டு லேர்ன் ட்ரைவிங்." வான்ட் மட்டும்தான் அசைஞ்சுச்சு. லேர்னும் ட்ரைவிங்கும் அசையவே இல்ல.

இன்னொண்ணு, ஆபீஸ்ல தினம் வர்றது: "த கம்ப்ளெய்ண்ட்ஸ் ரிசீவ்ட் லாஸ்ட் வீக் ஆர் பென்டிங்." ரிசீவ்ட்னு பாத்தவுடனே இறந்தகால வினைன்னு தோணும். நாளைக்கு மாத்துங்க: "த கம்ப்ளெய்ண்ட்ஸ் ரிசீவ்ட் லாஸ்ட் வீக் வில் பி பென்டிங்." ரிசீவ்ட் அப்படியே நிக்குது. ஏன்னா அது வினை இல்ல, போன வாரம் 'வந்த' புகார்னு புகாரை விவரிக்கிற பெயரெச்சம். இது தெரியாம நான் "த கம்ப்ளெய்ண்ட்ஸ் வேர் ரிசீவ்ட் லாஸ்ட் வீக் ஆர் பென்டிங்"னு ரெண்டு முற்று போட்டு அனுப்பியிருக்கேன்.

இங்க ஒரு பள்ளம் இருக்கு. இஸ், ஆம், ஆர்க்குப் பக்கத்துல இங் வந்தா ரெண்டும் சேர்ந்து ஒரு வினை, "ஷி இஸ் குக்கிங்" மாதிரி. ஆனா "மை ஹாபி இஸ் குக்கிங்"ல குக்கிங் பெயர்ச்சொல். எப்படிப் பிரிக்கிறதுன்னா, எழுவாயைப் பாத்து கேளுங்க: ஹாபியா அடுப்புக்கிட்ட நின்னு சமைக்குது? இல்லல்ல, முடிஞ்சுச்சு.

3. வேஷம் போட்டதை எல்லாம் தமிழ்ல சொல்லிப் பாருங்க

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமா படிங்க.

தமிழ்ல வினை வேற வேலைக்குப் போனா சட்டையை மாத்திக்கிட்டுப் போகும். பெயரா நின்னா 'நீந்துறது, நீந்துதல், நீச்சல்', அது தொழிற்பெயர். ஒரு பெயருக்கு முன்னாடி நின்னா 'ஓடுற பஸ், உடைஞ்ச கண்ணாடி', அது பெயரெச்சம். இன்னொரு வினைக்கு முன்னாடி நின்னா 'வாங்க வந்தேன், படிச்சு முடிச்சேன்', அது வினையெச்சம். பாத்த உடனே எது எதுன்னு தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல அப்படி இல்ல, இங்னு ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு மூணு வேலையும் பாக்கும். 'ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ'ல நீந்துறது, 'எ ஸ்விம்மிங் டாக்'ல நீந்துற, 'ஹி கேம் ஸ்விம்மிங் டுவர்ட்ஸ் அஸ்'ல நீந்திக்கிட்டு. மூணும் ஸ்விம்மிங்தான்.

மலாய்ல இன்னும் மோசம், அங்க இந்த மாதிரி இடத்துல சட்டையே கிடையாது. 'சுக்கா மக்கான்', 'மாவ் மக்கான்', 'ஹாபிஸ் மக்கான்', மூணுலயும் மக்கான் அசையாம உக்காந்திருக்கு. அதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க: 'லைக் ஈட்டிங்', 'வான்ட் டு ஈட்', 'ஃபினிஷ் ஈட்டிங்'. தமிழ்ல சொல்லுங்க: 'சாப்பிடுறது பிடிக்கும்', 'சாப்பிட ஆசை', 'சாப்பிட்டு முடிச்சேன்'. எது எதுக்குக் கிட்ட இருக்குன்னு பாருங்க. நாம ஸ்கூல்ல பன்னெண்டு வயசுக்கு மேல எல்லாத்தையும் மலாய்ல எழுதிப் பழகிட்டோம், அதனால இங்கிலீஷ் எழுதும்போது மனசுக்குள்ள மலாய்தான் ஓடுது, வினையை அப்படியே மொட்டையா வச்சிடுறோம். என் அனுபவத்துல முக்காவாசி தப்பு இங்கிருந்துதான் வருது. இந்த விஷயத்துக்கு மட்டும் மலாய் வழியா போகாம தமிழ் வழியா போங்க.

அதனால ரெண்டாவது கலர் பேனாவால வேஷம் போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் மேல தமிழ் வடிவத்தை எழுதுங்க. 'றது' வந்தா தொழிற்பெயர், இங்கிலீஷ்ல பெரும்பாலும் இங். 'க்க, ட, ய்ய'னு வந்தா செய என்கிற வினையெச்சம், இங்கிலீஷ்ல பெரும்பாலும் டு. 'ற, ந்த, ட்ட'னு வந்து பின்னாடி ஒரு பெயர் இருந்தா பெயரெச்சம், அதுக்கு அடுத்த படி.

நடுவுல ஒரு சின்ன விஷயம். 'ஸ்லீப்பிங் பேபி'ன்னா தூங்குற குழந்தை. 'ஸ்லீப்பிங் பேக்'னா? பை தூங்காது. தூங்குறதுக்கான பை. வெயிட்டிங் ரூம், வாஷிங் மெஷின், பார்க்கிங் ஃபீ எல்லாம் இந்தக் கூட்டம், 'க்கான'னு போட்டா பொருந்தும், அப்போ அது தொழிற்பெயர்தான், அடையா நிக்குது. எழுதுறதுல இது பெருசா தப்பு வராது, படிக்கும்போது குழம்பாம இருக்கச் சொன்னேன்.

4. செய்யுறதா, செய்யப்பட்டதா

என் சம்பளக் கதை இந்தப் படியிலதான் இருக்கு. ஒரு பெயரை விவரிக்க இங்கிலீஷ்ல ரெண்டு சட்டை: இங் ஒண்ணு, எட் இல்ல வினையோட மூணாவது வடிவம் இன்னொண்ணு. அந்தப் பொருள் தானே செய்யுதுன்னா இங். அதுக்கு யாரோ செய்யுறாங்கன்னா எட். சம்பளம் எதிர்பாக்காது, எதிர்பாக்கப்படும், அதனால எக்ஸ்பெக்டட் சாலரி. எக்ஸ்பெக்டிங்னு தனியா சொன்னா இங்கிலீஷ்காரனுக்கு கர்ப்பமா இருக்காங்கன்னு அர்த்தம் வேற.

மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போங்க, சுவத்துல மாட்டியிருக்குற மெனுவைப் பாருங்க. எத்தனை இடத்துல 'ஃப்ரை ரைஸ்'னு இருக்கு! சோறு யாரையும் வறுக்கல, வறுத்த சோறு, ஃப்ரைட் ரைஸ். ஏன் அப்படி எழுதுறாங்கன்னா மலாய்ல நாசி கோரேங்ல கோரேங்னா வறுன்னும் அர்த்தம், வறுத்தன்னும் அர்த்தம். தே தாரிக்லயும் அதே கதை, தாரிக்னா இழு, இழுத்த, ரெண்டும்தான். தமிழ்ல 'வறு சோறு'ன்னா யாராச்சும் ஆர்டர் எடுப்பாங்களா? 'வறுத்த'ன்னு வாயில தானா வந்திடும், அந்த 'த்த' இருக்குற இடத்துல இங்கிலீஷ்ல எட் போடணும். 'ஐஸ் லெமன் டீ'யை மட்டும் விட்டுடுங்க, அதைத் திருத்தப் போனா டீ வராது.

தண்ணியை வச்சு ஞாபகம் வச்சுக்கலாம். 'பாய்லிங் வாட்டர்' இப்போ கொதிக்கிற தண்ணி, கை வச்சா வெந்திடும். 'பாய்ல்ட் வாட்டர்' கொதிக்க வச்ச தண்ணி, ஆறிப்போயும் இருக்கலாம், குடிக்கலாம்.

இப்போ உங்க ஃபாரத்துக்கு வாங்க. வேலை விண்ணப்பத்துல அடிக்கடி கண்ணுல படுறது எல்லாம் இந்தக் கூட்டம்தான். 'சப்போர்ட்டிங் டாக்குமென்ட்ஸ்', உங்க பேச்சுக்குத் துணை நிக்கிற ஆவணம், அது தானே நிக்குது, இங். 'ரிக்வயர்ட் டாக்குமென்ட்ஸ்', அவங்க கேக்குற ஆவணம், எட். 'அட்டாச்ட் கரிக்குலம் வீட்டே', நீங்க சேத்து வச்சது, எட், 'அட்டாச்சிங் ரெசுமே'ன்னு எழுதாதீங்க. 'சர்ட்டிஃபைட் ட்ரூ காப்பி', யாரோ அதிகாரி முத்திரை குத்தி உறுதி பண்ண காப்பி. 'லாஸ்ட் ட்ரான் சாலரி', கடைசியா வாங்குன சம்பளம், ட்ரா, ட்ரூ, ட்ரானோட மூணாவது வடிவம், நான் ரொம்ப நாளா அதை ஏதோ படம் வரையுற விஷயம்னு நினைச்சிருந்தேன்.

மனுஷன் மனசைச் சொல்லும்போதுதான் மானம் போகும். போரிங், போர்ட். எக்ஸைட்டிங், எக்ஸைட்டட். இன்ட்ரஸ்டிங், இன்ட்ரஸ்டட். கன்ஃப்யூசிங், கன்ஃப்யூஸ்ட். உணர்ச்சியைக் கிளப்புறது இங், உணர்ச்சிக்கு ஆளாகுறது எட். 'ஐ ஆம் போரிங்'னா நான் சலிப்படைஞ்சிருக்கேன் இல்ல, என்னோட உக்காந்தா மத்தவங்களுக்கு சலிப்பு. 'ஐ ஆம் எக்ஸைட்டிங்'னா என்ன அர்த்தம்னு இப்போ புரியுதா, மேனேஜர் ஏன் தண்ணி குடிச்சாருன்னு.

ஒரு விதிவிலக்கு. 'ஃபாலன் ட்ரீ', விழுந்த மரம். 'ரிட்டயர்ட் டீச்சர்', ஓய்வு பெற்ற ஆசிரியர். இங்க யாரும் எதுவும் செய்யல, தானா நடந்து முடிஞ்சது. முடிஞ்சுபோச்சுன்னாலும் இந்த மூணாவது வடிவம் வரும்.

அப்புறம் இன்சூரன்ஸ், வக்கீல் கடிதத்துல 'த இன்ஷ்யூர்ட்', 'த டிசீஸ்ட்', 'த அண்டர்சைன்ட்'னு பாத்து பயந்திருப்பீங்க. த போட்டு அடையை ஆளா ஆக்கிட்டாங்க, அவ்வளவுதான். காப்புறுதி செய்யப்பட்டவர், இறந்தவர், கீழே கையெழுத்துப் போட்டவர். நம்ம வினையாலணையும் பெயர். அந்த நீளமான பேரை மனப்பாடம் பண்ணப்போ எதுக்குடா இதுன்னு திட்டியிருக்கேன்.

5. இங்கா, டுவா

வான்ட், டிசைட், ஹோப், ப்ளான், அக்ரீ, ரெஃப்யூஸ், ப்ராமிஸ் இதுக்கெல்லாம் பின்னாடி டு. எல்லாம் இனிமே நடக்கப் போறதை நோக்கி கை நீட்டுற வினை. என்ஜாய், ஃபினிஷ், கீப், மைண்ட், அவாய்ட், கன்சிடர், சஜஸ்ட் இதுக்கெல்லாம் இங். முதல் மூணும் நடக்கிற, நடந்துக்கிட்டிருக்கிற காரியம், அதனால இங்னு சொன்னா பொருந்தும். ஆனா மைண்ட், சஜஸ்ட், கன்சிடர், அவாய்ட் எல்லாம் நடக்காத காரியத்துக்கும் வரும், அங்க அந்த விதி உதவாது. இந்த நாலை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க, குறிப்பா சஜஸ்ட். 'ஐ சஜஸ்ட் டு சேஞ்ச் த டேட்'னு கேஎல்ல பாதி ஆபீஸ் எழுதுது, 'ஐ சஜஸ்ட் சேஞ்சிங் த டேட்'.

சந்தேகம் வந்தா, லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு படிக்கிறவங்களுக்காக போடுற அகராதியில அந்த வினையைப் பாருங்க, பின்னாடி டூயிங்கா டு டூவான்னு காட்டியிருக்கும். சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில இது இருக்காது. காசு குடுத்து வாங்க வேணாம், ஜாலான் துன் ரசாக் தேசிய நூலகத்துல இல்ல டத்தாரான் மெர்டேக்கா பக்கத்துல இருக்குற கோலாலம்பூர் நூலகத்துல உக்காந்து பாக்கலாம், போன்லயும் இலவசமா இருக்கு.

ரெண்டும் வந்து அர்த்தம் மாறுற வினைதான் ஆபத்து. இங்க தமிழ் கையில இருக்குற ஆளுக்கு லாட்டரி.

ஸ்டாப். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', சிகரெட் குடிக்கிறதை நிறுத்திட்டான். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்', சிகரெட் குடிக்க நின்னான். றது, க்க. பாத்தீங்களா, படி 3-ல சொன்னது அச்சு மாறாம வருது.

ரிமெம்பர், ஃபர்கெட். 'ரிமெம்பர் டு லாக் த டோர்', கதவைப் பூட்ட மறந்திடாதே. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்', பூட்டினது ஞாபகம் இருக்கு. முன்னது இன்னும் செய்யல, பின்னது செஞ்சாச்சு.

ரிக்ரெட். 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ', இனிமே சொல்லப் போற கெட்ட சேதி. இப்படி ஆரம்பிக்கிற ஈமெயில் என்கிட்ட நாலு இருக்கு.

ட்ரை தான் எனக்குப் பிடிச்சது. சேர்ந்த புதுசுல ஆபீஸ் சிஸ்டம் தொங்கிப்போச்சு. ஐடியில பினாங்குக்கார அண்ணன் ஒருத்தர், "ட்ரை ரீஸ்டார்ட்டிங்"னு மெசேஜ் போட்டாரு. நான் ரீஸ்டார்ட் பண்ணேன், சிஸ்டம் நல்லாத்தான் திரும்ப எழுந்துச்சு, ஆனா பிரச்சினை தீரல. பதிலுக்கு "ஐ ட்ரைட் டு ரீஸ்டார்ட், ஸ்டில் கான்ட்"னு போட்டேன். அவரு மெஷினே ரீஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னு நினைச்சு, ஸ்பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்கி வந்தாரு. வந்து பாத்துட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே. விஷயம் என்னன்னா, 'ட்ரை டு ஓபன்'னா திறக்கப் பார்த்தேன், முயற்சி, திறக்க முடியாம போயிருக்கலாம். 'ட்ரை ஓபனிங்'னா திறந்து பார்த்தேன், திறந்தாச்சு, அப்புறம் என்ன ஆகுதுன்னு பாத்தேன். திறக்கப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். சின்ன வித்தியாசத்துல நாம தினம் சொல்ற இதைத்தான் அந்த டியூஷன் சென்டர்ல ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்குனாங்க, யாருக்கும் புரியல.

லெட், மேக் ரெண்டுக்கும் பின்னாடி டுவும் வேணாம் இங்கும் வேணாம். 'லெட் மீ நோ', 'தே மேட் மீ வெயிட்'. அவ்வளவுதான்.

6. ரெண்டு விதமான டு

என் பதினோரு ஈமெயில் இதுலதான் விழுந்துச்சு. "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ." எல்லா ஈமெயிலும் கடைசி வரியிலதான் தப்பு, அதாவது அவங்க கடைசியா படிச்சிட்டு மூடுற வரி. சரியானது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'.

டுவுக்குப் பின்னாடி மொட்டை வினைதானே வரணும்? வான்ட் டு ஹியர்ல அப்படித்தானே? அங்க இருக்குற டு வேற, இங்க இருக்குற டு வேற. இங்க இருக்குறது ஃபார், இன், ஆஃப் மாதிரி ஒரு ப்ரெபொசிஷன், நம்ம கணக்குல சொன்னா வேற்றுமை உருபு. வேற்றுமை உருபு எதுல ஒட்டும்? பெயர்லதான் ஒட்டும். 'படிக்க'வோட ஐ சேர்த்துப் பாருங்க, ஒட்டாது, 'படிக்கிறதை'ன்னு பெயரா மாத்தினாதான் ஒட்டும். இங்கிலீஷும் அதையேதான் கேக்குது, வினையை இங் போட்டு பெயரா மாத்திட்டு வான்னு.

சோதனை: டுவுக்குப் பின்னாடி 'இட்'னு போட்டுப் பாருங்க. 'லுக் ஃபார்வர்ட் டு இட்', சரியா இருக்கு, அப்போ இங். 'வான்ட் டு இட்', கேக்கவே சகிக்கல, அப்போ மொட்டை வினை. 'கமிட்டட் டு', 'அப்ஜெக்ட் டு', 'வென் இட் கம்ஸ் டு' எல்லாத்துக்கும் இது வேலை செய்யும்.

யூஸ்ட் டு ரெண்டு வகை, இண்டர்வியூல இது காசு விஷயம். 'ஐ யூஸ்ட் டு ஒர்க் நைட் ஷிஃப்ட்', முன்ன செஞ்சேன், இப்போ இல்ல. 'ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் நைட் ஷிஃப்ட்', எனக்கு அது பழக்கம். ஷிஃப்ட் அலவன்ஸ் இருக்குற வேலைக்குப் போய் முதலாவதைச் சொன்னா, விட்டுட்டு வந்தவன்னு நினைச்சுக்குவாங்க.

டு மட்டும் இல்ல, எந்த ப்ரெபொசிஷனுக்குப் பின்னாடியும் இங்தான். 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ஹேண்ட்லிங்', 'இன்ட்ரஸ்டட் இன் ஜாயினிங்', 'தேங்க் யூ ஃபார் கன்சிடரிங்', 'பிஃபோர் சப்மிட்டிங்'. ரெசுமேயில 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ஹேண்டில் கஸ்டமர்'னு இருந்தா இப்பவே திருத்துங்க, மீதியை அப்புறம் படிக்கலாம்.

7. யாரு செஞ்சதுன்னு பாருங்க

இங்கில ஆரம்பிக்கிற வாக்கியம் அழகா தெரியும்னு கடிதத்துல போடுவோம். "ஹேவிங் ஒர்க்ட் இன் பினாங் ஃபார் த்ரீ இயர்ஸ், மை இங்கிலீஷ் இம்ப்ரூவ்ட்." பினாங்குல மூணு வருஷம் வேலை செஞ்சது யாரு? கமாவுக்கு அப்புறம் முதல்ல வர்ற பெயர்தான், அதாவது என் இங்கிலீஷ். 'ஐ இம்ப்ரூவ்ட் மை இங்கிலீஷ்'னு மாத்தணும்.

இந்த ஒரு இடத்துல மட்டும் தமிழை நம்பாதீங்க. தமிழ்ல 'மழை பெய்து குளம் நிறைஞ்சது'ன்னு சொல்லலாம், பெஞ்சது மழை, நிறைஞ்சது குளம், காரணமும் விளைவுமா இருக்குறதால ரெண்டு எழுவாய் இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல எழுத்துல கேப்பாங்க. 'வாக்கிங் டு த எல்ஆர்டி, த ரெய்ன் ஸ்டார்ட்டட்'னா மழை எல்ஆர்டிக்கு நடந்து போச்சு. 'வைல் ஐ வாஸ் வாக்கிங்'னு நான் யாருன்னு சொல்லிட்டா முடிஞ்சுச்சு. மூணாவது கலர் பேனாவை இதுக்கு வச்சுக்கங்க, இங்குல இருந்து கமாவுக்கு அடுத்த பெயருக்கு ஒரு கோடு இழுங்க, பொருந்தலன்னா திருத்துங்க.

8. எந்த வாரம் எது

முதல் வாரம் படி 1, 2 மட்டும். ரெண்டாவது வாரம் படி 3, மேல தமிழ் எழுதுறது மட்டும், திருத்தாதீங்க, திருத்தணும்னு கை அரிக்கும், பொறுங்க. மூணும் நாலும் படி 4, 5. அஞ்சாவது வாரம் படி 6. ஆறாவது வாரம் படி 7, அப்புறம் ரெசுமேயை முதல்ல இருந்து புதுசா டைப் பண்ணுங்க, பழைய ஃபைல்ல ஒட்டு போடாதீங்க.

மூவெட் (பல்கலைக்கழகம் போறதுக்கு எழுதுற இங்கிலீஷ் தேர்வு) எழுதப் போறவங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் கூட வேணும். ரைட்டிங் தாள் 75 நிமிஷம், முதல் கேள்வி குறைஞ்சது 100 சொல், ரெண்டாவது குறைஞ்சது 250 சொல். கடைசி 5 நிமிஷத்தைத் தனியா ஒதுக்கி வைங்க, அதுல முழுசா திரும்பப் படிக்காதீங்க, படிச்சா எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும். மூணே மூணு விஷயம் தேடுங்க: ஒவ்வொரு டுவும் எந்த டு, ஒவ்வொரு ப்ரெபொசிஷனுக்குப் பின்னாடி வினை இருந்தா இங் இருக்கா, உணர்ச்சிச் சொல்லு இங்கா எட்டா. ஆபீஸ் ஈமெயிலுக்கும் இதே மூணுதான், அனுப்புறதுக்கு முன்னால ஒரு நிமிஷம்.

போன்ல கீபோர்டு தானா திருத்துறதை நம்பாதீங்க. எக்ஸ்பெக்டிங்கும் சரியான சொல்லு, எக்ஸ்பெக்டட்டும் சரியான சொல்லு, சம்பளத்துக்குப் பக்கத்துல எது வரணும்னு அதுக்கு அக்கறை இல்ல. இலக்கணம் திருத்துற ஆப் பல தடவை பிடிக்கும், ஆனா 'ட்ரை டு'வையும் 'ட்ரை இங்'கையும் அது தொடாது, ஏன்னா ரெண்டுமே சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்.

இப்போ இருக்குற கம்பெனியில ஃபாரத்துலயே 'எக்ஸ்பெக்டட் சாலரி'ன்னு அச்சடிச்சு கட்டம் போட்டிருந்துச்சு. பாத்த உடனே சிரிப்பு வந்துச்சு. 3,200-னு எழுதுனேன், 2,900 குடுத்தாங்க.